அறுபத்தொரு ஓட்டை

தாராவி தொண்ணூறடி ரோட்டில்
மொபைல் ரிப்பேருக்கும் கோழிக்கடைக்கும் நடுவே
என் கம்ப்யூட்டர்.
டி டிரைவில் எல்லாமே தயார்:
காதுகுத்து நான்கு, சடங்கு ஏழு,
கல்யாணம் பிள்ளையாரோடு இருபது, சிலுவையோடு ஒன்பது,
கண்ணீர் அஞ்சலி இரண்டே இரண்டு.
அதற்கு வருகிறவர்கள் வேறு டிசைன் கேட்பதில்லை.

பேரை மாற்று, தேதியை மாற்று, சேவ் அஸ்.
இருபது நிமிடம். முந்நூற்றைம்பது ரூபாய்.
ஒருமுறை மறந்துபோய்
தேவசகாயத்தின் திருமணத்துக்கு
இசக்கிமுத்துவின் தாய்மாமன்கள் அத்தனை பேரும் அழைத்தார்கள்.
யாரும் கவனிக்கவில்லை.
மாமன்கள் எந்தக் கார்டிலும் அப்படித்தான் நிற்பார்கள்.

ஆகஸ்ட் மழையில் நனைந்தபடி ஐகோர்ட்ராஜா வந்தார்.
பெல்ட்டுக்கு ஓட்டை போடுகிற வேலை.
"ஒரு விசேஷம். கார்டு அடிக்கணும்."
என்ன விசேஷம்?
"கடன் தீந்துட்டு."

கல்யாண மாதிரியைத் திறந்தேன்.
'இருவீட்டார் அழைப்பு' என்றிருந்தது.
"அந்த வீட்டுக்காரன் சயான்ல பைனான்ஸ் நடத்துதான்.
அவன் பேரும் போடணுமா?"
புதுமனை மாதிரியில் வாசல், தோரணம்.
"வீடு வாடகைதான் தாயி."
சடங்கு மாதிரியில் தாமரைமேல் ஒரு சிறுமி.
அவர் பார்க்குமுன் மூடினேன்.

கண்ட்ரோல் என்.

வெள்ளை.
ஏழு வருஷத்தில் இதை நான் பார்த்தது
விரல்விட்டு எண்ணும் தடவைதான்.
கை தானாக மேலே போய்
'நிகழும் மங்களகரமான' என்று அடித்துவிட்டது.
அழித்தேன்.
மூலையில் ஒரு மலர்க்கொத்து. அழித்தேன்.
தங்க பார்டர். அதையும்.

பையைத் துழாவி ஒரு தோல் வாரை எடுத்து வைத்தார்.
தவணை கட்டிய மாதமெல்லாம் ஓர் ஓட்டை.
அறுபத்தொன்று.

அட்டையின் குறுக்கே அறுபத்தொரு புள்ளி வரைந்து
எல்லாவற்றையும் பிடித்து
சம இடைவெளிக்கு ஒரே அமுக்கு.
பரேடு போல நின்றன.
"இது என்னுது இல்லையே" என்றார்.
திரையில் விரல் வைத்தார், ஈரம் ஒட்டியது:
"இதுக்கும் இதுக்கும் நடுவுல ஊரடங்கு, எட்டு மாசம் பட்டறை பூட்டு.
இது கோணலா வரும், அன்னைக்கி காய்ச்சல்.
இது பாதிதான் துளைச்சிருக்கேன்.
பாதிதான் கட்டுனேன்."

ஒவ்வொன்றாய் நகர்த்தினேன்.
ஒன்றரை மணி நேரம்.
ஆதார் ஜெராக்ஸுக்கு நின்ற இரண்டு பேர்
அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.
கடைசிப் புள்ளிக்கு அப்பால்
பாதி அட்டை காலி.
எதையாவது வைக்கக் கை அரித்தது.
விட்டுவிட்டேன்.

கீழே சின்னதாக, அவர் சொன்னபடியே:
'யாருக்கும் ஒண்ணும் பாக்கியில்ல.
ஞாயித்துக்கிழமை மத்தியானம் கறிச்சோறு.
வாங்க.'

எண்ணூறு, என்றேன்.
"மாசாமாசம் தரட்டா?"
என் முகம் போன போக்கைப் பார்த்து
கோழிகள் மிரளச் சிரித்தார்.
முழுசாய் எண்ணி வைத்தார்.
நோட்டுகளில் தோல் வாசம்.

முதல் அட்டை பைனான்ஸ்காரருக்கு.
அவர் வந்தாரா, தெரியாது.
நான் போனேன். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

அன்று இரவே அந்தப் பக்கத்திலிருந்து
அவர் புள்ளிகளையும் வரிகளையும் எடுத்துவிட்டு
மாதிரிகளோடு சேர்த்து வைத்தேன்:
'கடன் தீர்ந்தது 01'.
ஒன்று என்று போட்டது
இரண்டு வரும் என்றுதான்.
அகரவரிசையில் அது
கண்ணீர் அஞ்சலிக்கு நேர் மேலே போய் உட்கார்ந்தது.

தீபாவளி போய்ப் பொங்கலும் போயிற்று.
தினமும் அதைத் தாண்டித்தான் கல்யாணத்துக்குப் போகிறேன்.
கடைசியாகத் திறந்த தேதி
இன்னும் ஆகஸ்டிலேயே நிற்கிறது.